சோளக்காட்டு வளைவு

ஞாயிற்றுக்கிழமைக் காலை. சோளக்காட்டு வளைவில் பனி இன்னும் விலகவில்லை. துலூஸ் நகரத்துக்குப் போகும் கார்களெல்லாம் பெருஞ்சாலையில் போய்விடும். அதனால்தான் ஒடீல் எப்போதும் இந்தக் கிளைச்சாலையில் சைக்கிள் ஓட்டுகிறாள். இப்போது இறங்கி நிற்கிறாள். வெடிச்சத்தம் காதை விட்டுப் போகவில்லை. வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கியில் அவள் மாமனார் பெர்னான், துப்பாக்கியோடு சோளத்தை விலக்கிக்கொண்டு வருகிறார். "நீயா! காட்டுப்பன்னின்னுல்ல நெனச்சேன்," என்று சிரிக்கிறார். "வேட்டை நடக்குதுன்னு ரோட்டுல பலகை வைக்கணுமே, எங்க மாமா?" "வேன்லயே கெடக்கு. காலையில ஒயினும் சாசேஜுமா உக்காந்ததுல மறந்துட்டோம்." அவள் சைக்கிளைத் திருப்பிக் காட்டுகிறாள். பின்னாலிருக்கும் குழந்தை இருக்கையின் சாய்மானத்தில் ஒரு துளை. அதன் வழியே வெளிச்சம் வருகிறது. அவர் முகம் வெளுக்கிறது. "புள்ள எங்க?" "உங்க வீட்லதான். இப்பத்தான் அத்தைகிட்ட விட்டுட்டு வர்றேன்." அவர் மூச்சு விடுகிறார். "அப்பாடா. அப்ப ஒண்ணும் ஆகலல்ல. ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?" அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறாள். "இதுக்குள்ள விரல விட்டுட்டுச் சொல்லுங்க மாமா, ஒண்ணும் ஆகலன்னு." பெர்னானின் விரல் துளைக்கு முன்னால் நிற்கிறது, உள்ளே போக மாட்டேன் என்கிறது. அவள் பிடியை விடவில்லை.