மூணு டபிள்யூவைத் தூக்குன அண்ணாச்சி

"ஏளா ஈவா, திறக்கல!"

ஈவாஞ்சலின் ஓடி வந்து, கூப்பிட்டவரு போனை எட்டிப் பாத்தா. தூத்துக்குடி விசைப்படகுச் சங்கத்தோட பழைய வெப்சைட்டை அவதான் புதுசாக் கட்டிருக்கா. எங்கன காத்து வீசும், எந்தப் படகு திரும்பணும்னு சொல்லுற சைட்டு. இன்னைக்குத் திறப்பு விழா. கேசரி குடுத்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு. வாசல் போர்டுல எழுதுன அட்ரஸை அம்பது பேரு போன்ல அடிக்காங்க. ஒருத்தருக்கும் வரல!

"முன்னால மூணு டபிள்யூ போட்டா வருதுல்லா!" படகு ஓனர் பாண்டியராஜன் கண்டுபிடிச்சுட்டாரு. "போர்டுல அதக் காணுமே. யாரு முழுங்குனது?"

எல்லாக் கண்ணும் செயலாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சி பக்கம் திரும்பிச்சு. ஒரு டீயை ரெண்டு பேருக்கு ஊத்துற ஆளு. "போர்டு சின்னதுளா, அந்த மூணையும் தூக்கிரு"ன்னு ஒத்தக்கால்ல நின்னது அவருதான்.

"எழுத்துலயுமா அண்ணாச்சி மிச்சம் பிடிப்பீரு?"

ஆபீஸே சிரிச்சிது. அண்ணாச்சி மிச்சக் கேசரியை மூடி வச்சாரு.

ஈவாவுக்குத் தாங்கல. வெறும் பேரை அடிச்சாலும் சைட்டு திறக்க ஒரு செட்டிங் போடணும். போர்டுல தூக்குனவ அதைப் போட மறந்துட்டா.

"அவரைச் சொல்லாதீங்க, தப்பு என்னோடது! அஞ்சு நிமிசம் குடுங்க!"

லேப்டாப்பைத் திறந்தா. விரல் பறந்துச்சு.

"இப்ப அடிங்க!"

பாண்டியராஜன் அடிச்சாரு. "ஏலே... வந்துட்டுலே! டபிள்யூ இல்லாமலே வந்துட்டு!"

விசில் பறந்துச்சு. ஒருத்தர் ரெண்டாவது கேசரி கேட்டாரு.

அண்ணாச்சி மட்டும் வயர்லெஸ் மேசைப் பக்கம் போனாரு. அங்கன இருந்து கடல்ல கிடக்க படகுகளுக்குத் தகவல் சொல்லுறது பேபியோட வேலை.

"பேபி, அட்ரஸைச் சொல்லு தாயி."

பேபி மைக்கைப் பிடிச்சா. மூச்சை இழுத்தா.

"கடல்காத்து டாட் இன்!"

"கேட்டாச்சு, ஓவர்!" பேச்சிராஜா படகு.

"கேட்டாச்சு, ஓவர்!" அடுத்த படகு. அதுக்கு அடுத்தது. பேபி முகம் பூரா சிரிப்பு.

ஈவா மெல்ல அண்ணாச்சிகிட்ட வந்தா. "போர்டுல இன்னும் அரை முழம் இடம் சும்மா கிடக்கே அண்ணாச்சி. நெசமாவே எதுக்குத் தூக்கச் சொன்னீங்க?"

அவரு சட்டைப்பையில இருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டுனாரு. போன மாசத் தேதி.

'அண்ணாச்சி, தினமும் வயர்லெஸ்ல அந்த மூணு டபிள்யூவச் சொல்லயில எனக்கு நாக்கு திக்கிருது. கடல் பூரா சிரிக்குது. நான் வேலையை விட்டுப் போறேன். இப்படிக்கு, பேபி.'

ஈவா வாசிச்சு முடிச்சதும் அண்ணாச்சி அதைத் திரும்ப வாங்கி, நாலாக் கிழிச்சுப் போட்டாரு.