ஆறாவது டேக்

கீபோர்டு கலைஞர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஜாஸ் ஃப்யூஷன் இசையில் கரை கண்டவர். அவர் வெளியிடாத டெமோ கேசட் ஒன்றை மனைவி கொண்டுவந்தார். ஒலிப்பதிவாளர் அதைக் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தார். உறைமேல் கலைஞரின் கையெழுத்தில், "மொத்தம் ஆறு டேக். ஆறாவது சரி" என்றிருந்தது.

முதல் ஐந்தும் பாதியில் நின்றன. ஆறாவது தங்குதடையின்றி ஓடியது. ஒலிப்பதிவாளர் சொக்கிப்போய்ப் பின்னால் சாய்ந்தார். அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது. வாசிப்பு நின்றது.

"யாருங்க அது? சரி, விடுங்க. டேக் ஏழு" என்றது கேசட்டிலிருந்த குரல்.

ஒலிப்பதிவாளர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, உறையில ஆறுன்னுதானே போட்டிருக்கு?"

"அவர் அப்படித்தான் தம்பி" என்றார் மனைவி, காய்கறி விலை சொல்வதுபோல. "துளி சத்தம் ஆகாது. மறுபடி முதல்லேருந்து வாசிப்பார். அதனாலயே என்னை ஒருநாளும் அவர் வாசிக்கிற ரூமுக்குள்ள விட்டதில்ல. சரியா வந்துட்டா அவ்வளவுதான், கீபோர்டை மூடிட்டுப் போயிடுவார்."

இருவரும் அசையாமல் கேட்டார்கள். ஏழாவது, ஆறாவதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது. பிசிறில்லாமல் கடைசி வரிக்கு வந்துவிட்டது.

அப்போது அந்த அம்மா தன் நாற்காலியைத் தரையோடு மெல்ல இழுத்தார்.

வாசிப்பு நின்றது. கொஞ்ச நேரம் நாடா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீயா?" என்றது குரல். "சரி, உள்ள வந்து உட்காரு. டேக் எட்டு."