படையலுக்கு ஒரு பாட்டில்

கடைக்காரர் மூன்று பாட்டில்களைக் கொண்டுவந்து எதிரே வைத்தார்.

"போர்பன்ல நம்மகிட்ட இருக்கிறது இவ்ளோதான் சார். இதுல எது?"

வாங்க வந்தவருக்குத் தெரியவில்லை.

அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு மதுக்கடைக்குள் நிற்கிறார். ஏ.சி. போட்ட கடை. வாசலில் செருப்பைக் கழற்றப் போய், சுதாரித்துக்கொண்டு அப்படியே உள்ளே வந்தார்.

விலைச் சீட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"பாதிக்கு மேல வரிதான் சார்" என்றார் கடைக்காரர். "பாண்டில வாங்கியிருந்தா இதுல பாதி விலை."

இது அவருக்குத் தெரியாததா?

விழுப்புரம்–பாண்டி பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம் கண்டக்டர். எந்தப் பையில் பாட்டில் இருக்கிறது என்று டிக்கெட் கிழிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். கெஞ்சினாலும் விடமாட்டார். விசில் ஊதி, செக்போஸ்டுக்கு முன்னாலேயே இறக்கிவிடுவார். முகூர்த்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளையைக்கூட அப்படி நடுரோட்டில் இறக்கியிருக்கிறார்.

வீட்டிலிருந்து பாண்டி ஒரு மணி நேரம். அவர் மூன்று மணி நேரம் பயணம் செய்து சென்னைக்கு வந்திருக்கிறார். எவ்வளவு வரி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அந்த பஸ்ஸில் மடியில் பாட்டிலோடு அவரால் உட்கார முடியாது.

நாளைக்கு மகனுடைய பதினாறாம் நாள் காரியம்.

செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைக்க வேண்டும்.

"அவனுக்குப் புடிச்சதுன்னு குடிய விட்டா நமக்கு வேற என்னா தெரியும்ணா?" என்றாள் தங்கை. அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவேதான் கேட்டாள்.

அமெரிக்காவிலிருந்து யாரோ எப்போதோ அனுப்பிய ஒரு பழைய படம் இருந்தது. அதில் அவன் கையில் கோப்பை. அது போர்பன், அந்த ஊர்க்காரர்கள் சோளத்தில் காய்ச்சுவது என்று தங்கை மகன் விளக்கினான்.

ஏழு வருடத்துக்கு முன்னால், அம்மா செத்துப்போனாள் என்று அவன் விமானம் பிடித்து வந்தான். கொள்ளி வைக்கக் குனிந்தவன் வாயில் சாராய நெடி. சுடுகாட்டில் அத்தனை பேரும் பார்க்க, அவன் கையிலிருந்த கொள்ளியைப் பிடுங்கித் தங்கை மகனிடம் கொடுத்தார்.

அன்றோடு சரி.

இப்போது அவன் சாம்பல்தான் வந்திருக்கிறது. பனி கொட்டிய சாலையில் அவன் கார் லாரியில் மோதியது. குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்று ஊரே முடிவு கட்டியது. ஊருக்கு முன்னால் முடிவு கட்டியவர் அவர்.

"சார், பின்னால ஆள் நிக்கிறாங்க."

ஓரமாக ஒதுங்கினார். ஷாகுலுக்குப் போன் போட்டார். மகனோடு அங்கே ஒரே வீட்டில் இருந்தவன். சாம்பலை அனுப்பி வைத்தவனும் அவன்தான்.

"தம்பி, அவன் எந்த போர்பன் குடிப்பான்? பேர மட்டும் சொல்லு. படையலுக்கு வெக்கணும்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"அங்கிள், அவன் குடிய விட்டு மூணு வருஷம் ஆச்சு."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு, கார்ல..."

"இல்ல அங்கிள். ஒரு சொட்டுகூட இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்துட்டிருந்தான். தூங்கிட்டான் போல."

கடைக்குள் யாரோ உரக்கச் சிரித்தார்கள்.

"ஒரு வருஷம் குடிக்காம தாண்டினப்போ, மொதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணான். நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்பான்னு சொன்னதுமே அழுகை வந்துடுச்சு. அதுக்கு மேல பேச முடியல அவனால. அப்புறம் லைன் கட் ஆயிடுச்சுன்னு சொன்னான்."

கட் ஆகவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் அது. நீளமான, தெரியாத நம்பர். "அப்பா" என்று குழறியது குரல். அதற்கு மேல் வார்த்தை வராமல் இழுத்துக்கொண்டு கிடந்தது. யார் என்று உடனே தெரிந்துவிட்டது. இந்த நாய் இன்னும் திருந்தவில்லை என்று நினைத்தார். வைத்தார். அந்த நம்பர் இனிமேல் வராதபடி செய்து தரச் சொல்லித் தங்கை மகனிடம் போனை நீட்டினார்.

குடித்தவன் குரல் எப்படி இருக்கும் என்று தனக்குத் தெரியாதா என்ற திமிர்.

இத்தனை பேர் நிற்கிற இடத்தில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அப்படியும் வந்தது.

கடைக்காரர் மூன்று பாட்டில்களையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார்.

விடிந்தால் இலை போட வேண்டும்.

வைப்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

"தம்பி."

தன் குரல் தனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"அவனுக்கு என்னா புடிக்கும்?"

ஷாகுல் யோசிக்கவே இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.