வெள்ளைத் தூசி

“ஒரு வீட்டோட மொத்த ஜாதகமும் அந்த வீட்டு ஏசி ஃபில்டர்ல இருக்கு சார். மனுஷன் பொய் சொல்லுவான். ஃபில்டர் சொல்லாது.”

ஸ்டூலின் மேல் நின்றுகொண்டு மெக்கானிக் இதை அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கடையில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘டாக்டர்’. அவனே வைத்துக்கொண்டது.

ஸ்டூல் ஆடாமல் கணவர் பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி கட்டில்மேல் இருந்த வாளியை இரண்டு விரல் அளவு நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நாளாக அந்த ஏசியிலிருந்து குளிர் வருவதில்லை, தண்ணீர்தான் வருகிறது.

“புதுசே மாட்டிடலாம்னு தலைபாடா அடிச்சுக்கிறேன் தம்பி. இவ கேக்க மாட்டேங்குறா.”

“இதுக்கு என்ன குறைச்சல்? நல்லாத்தானே இருக்கு,” என்றாள் மனைவி.

வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.

“புதுசெல்லாம் எதுக்கு சார்? உலகத்துல ஏசிக்கு வர்ற அத்தனை வியாதிக்கும் ஒரே காரணம்தான். குளிக்காத ஃபில்டர்.” டாக்டர் மூடியைத் தூக்கினான். உள்ளே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வலைகள். ஒன்றை உருவி வெளிச்சத்தில் காட்டினான்.

மேலே மெல்லிசாகச் சாம்பல் நிறத் தூசி. விரலால் சுரண்டினால் அடியில் மாவு மாதிரி வெள்ளை, அப்பிக் கிடந்தது. நடுவில் நீளமாக ஒரு கறுப்பு முடி.

“பாருங்க, பேசுது! வயசுப் பொண்ணு இருக்குற ரூம். நீள முடி. தினம் அரை டப்பா பவுடர். ஏம்மா, பாப்பா பவுடர் போடுறாங்களா, இல்ல செவுத்துக்கு வெள்ளையடிக்கிறாங்களா?”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவிக்கோ பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

“ஃபேனை ஓடவிட்டுட்டுப் பவுடர் போடாதடின்னா கேக்கவே மாட்டா தம்பி. கதவைத் தொறந்தா ரூமே புகையா இருக்கும்.”

“எங்க, காலேஜுக்கா?”

“வெளில போயிருக்கா.”

“வந்ததும் சொல்லுங்க. டாக்டர் பவுடரைக் குறைக்கச் சொன்னாருன்னு.”

“சொல்றேன்,” என்றாள். அவன் வலையோடு கீழே இறங்கியதும் வழியில் வந்து நின்றாள். “இதைக் கழுவாமயே சரி பண்ண முடியாதா தம்பி?”

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அழுக்குமேல பாசம் வச்சிருக்குற வீட்டை இன்னைக்குத்தாம்மா பாக்குறேன். வீடு பெருக்கினா உக்காந்து அழுவீங்க போலிருக்கே! கடையில போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

“நீ கழுவு தம்பி,” என்றார் கணவர். “இன்னும் எத்தனை நாளைக்கு...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மனைவி ஒதுங்கி வழி விட்டாள்.

குளியலறையில் குழாயைத் திறந்து வலையை நீட்டினான். தண்ணீர் பட்டதுதான் தாமதம், குப்பென்று ஒரு பூ வாசனை கிளம்பியது. யாரோ குளித்து முடித்து, பவுடர் பூசிக்கொண்டு, இப்போதுதான் அவனைத் தாண்டிப் போனது மாதிரி இருந்தது. பால்போல் வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது.

மனைவி எப்போது பின்னால் வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, தண்ணீர் போகும் ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். வெள்ளைத் தண்ணீர் அவள் விரல்களைச் சுற்றி ஒரு கணம் தேங்கியது. அப்புறம் விரலிடுக்கில் புகுந்து போய்க்கொண்டே இருந்தது.

“என்னம்மா, மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?”

“இல்ல தம்பி. நீ உன் வேலையைப் பாரு.”

அவன் குழாயை மூடினான். வலை பளிச்சென்று இருந்தது.

அறைக்குத் திரும்பி அதை மாட்டிவிட்டு இரண்டாவது வலையை உருவினான். பழக்கத்தில் விரல் தானாகச் சுரண்டியது. அதே கதைதான். அடியில் வெள்ளை, மேலே சாம்பல். ஆனால் இந்த முறை டாக்டர் அவசரப்படாமல் படித்தான். சாம்பலுக்கு மேலே வெள்ளை இல்லை. இந்த ஓரத்திலும் இல்லை, அந்த ஓரத்திலும் இல்லை. பவுடர் என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு படிந்ததெல்லாம் வெறும் தூசி.

விரலில் ஒட்டியிருந்த வெள்ளையை அவன் சட்டையில் துடைக்கப் போனான். துடைக்கவில்லை.

கணவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “பொண்ணு போனதுலேர்ந்து இவ இந்த ரூமை விட்டு வெளிய வர்றதில்ல தம்பி. ஏசியைப் போட்டா அவ வாசனை வருதாம். தண்ணி சொட்டினாலும் நனைஞ்சுக்கிட்டே படுத்திருக்கா. அதையும் கழுவிடு. இவளாவது எனக்கு மிஞ்சட்டும்.”

டாக்டர் ஸ்டூலில் ஏறினான். தட்டினால் உதிர்ந்துவிடுமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, வலையை இருந்த இடத்திலேயே செருகினான். தூங்குகிறவர்கள் இருக்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல் மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

வாசலில் அவள் ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

“என்ன தம்பி, அதைக் கழுவலையா?” என்றார் கணவர்.

“இது சுத்தமாத்தான் இருக்கு சார்.”