செவந்தி தின்ற மண்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. வேலிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கதை சொல்கிறேன்.

அந்த ஊரில் நெல்லைச் செழிக்க வைத்தது ஒரு கம்பெனி வயல் மண்ணில் விட்ட கிருமி. அது வெளியே போகாதபடி கம்பெனி ஊரைச் சுற்றி வேலி போட்டிருந்தது. வேலியைத் தாண்டுகிறவர்கள் காலைக் கழுவி, ஒட்டிய கிருமியை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

வளைகாப்பு முடிந்து, செவந்தியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போகத் தாய் கோசலை வந்திருந்தாள். செவந்தி வேலி வாசலுக்கு வந்ததும் சோதனைக் கருவி அலறியது.

"வயல் மண்ணைத் தின்னியா?" என்றான் காவலாளி.

"மசக்கையில ஆசையா இருந்துச்சுண்ணே. ரெண்டு வாய்தான்."

"கம்பெனிச் சொத்து இப்ப உன் வயித்துல இருக்கு. வெளிய விடமுடியாது. பிள்ளையும் இங்கதான் பொறக்கணும், இங்கதான் வளரணும்."

"ஏன்டா, என் பேரப்பிள்ளை என்ன உன் கம்பெனி வெள்ளாமையா?" என்றாள் கோசலை.

"வாயை மூடிக்கிட்டுத் தள்ளு கெழவி. நெல்லு லாரி போகணும்."

கோசலை நகரவில்லை. லாரிச் சக்கரத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "மொதல்ல எம் பொண்ணு வெளிய வரட்டும். அப்புறம் உன் நெல்லு போகட்டும்."

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நின்ற ஏழு லாரிகளும் ஒவ்வொன்றாக அடங்கின.

உங்கள் வீட்டுப் பெண்கள் தாய்வீடு போகும் வழியில் எவனும் குறுக்கே நிற்காதிருக்கட்டும், கண்ணுகளா.