ஒன்றும் செய்யாத வரி

திரையில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது.

வரி 2310 ஒன்றும் செய்யவில்லை. நீக்கலாமா?

ஆமாம் என்று ஒரு பொத்தானைத் தட்டினால் வேலை முடிந்தது. கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, இருட்டுவதற்குள் பாயான் பாருவில் இறங்கிவிடலாம்.

எங்கள் தொழிற்சாலையின் பழைய நிரல் பேசிக் மொழியில் எழுதியது. திங்கட்கிழமை வரப்போகும் புதிய கணினிகளுக்காக அதை சி மொழிக்கு மாற்றவேண்டும். அதற்கென்று ஒரு மொழிமாற்றி வாங்கியிருந்தார்கள். நாலாயிரத்து இருநூறு வரிகளையும் காலையிலிருந்து அது ஒவ்வொன்றாக மாற்றியது. அடம்பிடித்த வரிகளை நான் உட்கார்ந்து திருத்தினேன்.

மேலாளர் தங்கராஜு இரண்டு தடவை மாடியிலிருக்கும் கணினிப் பிரிவுக்கு வந்து எட்டிப்பார்த்துவிட்டார். புதிய நிரலில் வீண்வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது அவர் கட்டளை.

இடது பக்கம் இருந்த பிளாஸ்க்கிலிருந்து பால் சேர்க்காத தே ஓ கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். கம்பெனி பரிசாகக் கொடுத்த பிளாஸ்க் அது. அது எப்படிக் கிடைத்தது என்ற கதையைப் பிரிவுக்குப் புதிதாக வருகிற யாரும் என்னிடமிருந்து கேட்காமல் தப்பியதில்லை.

பிறகு அந்த வரியைப் படித்தேன்.

இயந்திரத்தின் எண் 4 என்றால், ஒன்றிலிருந்து மூவாயிரம் வரை எண்ணு. எண்ணி முடித்ததும் அடுத்த சில்லுத் தட்டை அனுப்பு.

அவ்வளவுதான். எண்ணியதை வைத்து எதையும் கணக்கிடவில்லை. மொழிமாற்றி சொன்னது சரிதான்.

ஆனால் கீழே சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் பத்து. மற்ற ஒன்பதுக்கும் இந்த எண்ணிக்கை இல்லை.

4 என்ற எண்ணைப் பார்த்ததும் என் விரல் நின்றது.

வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு. தொடாதே. ஆனந்தராஜா, மார்ச் 83.

இந்தப் பழைய நிரலை எழுதிய ஆனந்தராஜாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. நான் மாடிக்கு வருவதற்கு முன்பே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் இருக்கிறார் என்று டெலிபோன் பிரிவு ரொஸ்னா தேடிப்பிடித்து இணைப்புக் கொடுத்தாள். கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்லி, வரியைப் படித்துக் காட்டினேன்.

அவர் சிரித்தார். இன்னுமா அது இருக்கிறது என்று கேட்டார்.

பழைய கணினி மூவாயிரம் வரை எண்ண மூன்று வினாடி பிடிக்குமாம். அந்த மூன்று வினாடிதான் அவருக்குத் தேவைப்பட்டது. மாடியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பாராம். கீழே எல்லோரும் தொப்பியும் முகமூடியும் போட்டிருப்பார்கள், யார் எவர் என்று தெரியாது. ஆனால் நான்காம் இயந்திரத்தில் இருந்தவள் மட்டும் தினமும் தட்டைத் தவறவிட்டு, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு தடவை தவறினால் வேலை போய்விடும் என்ற நிலைமை.

"அந்தப் பொண்ணு இடது கைக்காரி, பிள்ளை. தட்டு வலது பக்கம் வருது. மூணு செகண்ட் கூடக் கிடைச்சா சமாளிச்சிடுவா லா. கேட்டா விடமாட்டாங்க, அதான் யாருக்கும் சொல்லாம போட்டேன்."

பிறகு, அந்தப் பெண் இன்னும் அங்கே இருக்கிறாளா என்று கேட்டார்.

"இருக்கா அண்ணே. இப்ப மாடிக்கு மாத்திட்டாங்க."

நல்லது, நல்லது என்றார். அடுத்து அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பட்டறைச் சத்தத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

போனை வைத்துவிட்டு பிளாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து பாதி அழிந்திருந்தது. நான்காம் இயந்திரம், மூன்று மாதம் ஒரு பிழையும் இல்லாத கை, ஜூன் 1983. அந்தப் பரிசைப் பார்த்துத்தான் கம்பெனி என்னை மாலை வகுப்புக்கு அனுப்பியது.

எட்டு வருடமாக என் கை வேகத்தைப் பற்றி நான் அளந்த கதைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

நீக்கவேண்டாம் என்று தட்டினேன்.

ஆனால் அப்படியே விட்டால் புதிய கணினி மூவாயிரத்தைக் கண் சிமிட்டுவதற்குள் எண்ணிவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்து மூன்று வினாடி நிற்கும்படி மாற்றி எழுதினேன். 4 இருந்த இடத்தில் இனி எந்த இயந்திரத்தின் எண்ணையும் போட்டுக்கொள்ளலாம்.

தங்கராஜு மூன்றாவது தடவை வந்தார். திரையைக் குனிந்து பார்த்து, இது என்ன செய்யும் என்று கேட்டார்.

ஒன்றும் செய்யாது, சும்மா நிற்கும் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

பஸ் போய்விட்டிருந்தது. வரிக்குப் பக்கத்தில் தொடாதே என்று அடித்து, அதன் கீழே என் பெயரையும் போட்டேன். பிறகு மிச்சமிருந்த தே ஓவை இடது கையால் ஊற்றி, நிதானமாகக் குடித்தேன்.