இயற்கை எய்தினார்

கணவனுக்காகத் தவமணி எழுதிக் கொண்டுவந்த கண்ணீர் அஞ்சலியில், 'ஆலை பாய்லர் வெடித்து இறந்தார்' என்றிருந்தது. நாளிதழின் விளம்பரப் பிரிவில் இருந்த எபனேசர் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே 'இயற்கை எய்தினார்' என்று எழுதினார்.

"பாய்லர் என்ன சார், இயற்கையா?"

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா போடுறது. மரியாதையான சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "உங்க ஆலை முதலாளிதான் இப்ப இந்தப் பேப்பரையும் வாங்கியிருக்காரு."

"செய்தியாப் போடுங்கன்னு வந்தேன். விளம்பரமாக் குடுன்னீங்க. குடுத்தா, அதுலயும் அவரு எப்படிச் செத்தாருன்னு நீங்கதான் சொல்வீங்களா?"

எபனேசர் ரசீதைக் கிழித்து நீட்டினார்.

மறுநாள் முதல் பக்கம் முழுக்க, தேர்தலில் நிற்கும் முதலாளியின் சிரிப்பு. 'தொழிலாளரின் உயிர்மூச்சு இவர்தான்: மக்கள் நெகிழ்ச்சி.' இம்மாதிரிப் பக்கங்களின் மூலையில் எறும்பளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'விளம்பரம்' என்ற சொல்லை அங்கே காணோம். தவமணி பக்கங்களைப் புரட்டினாள். உள்ளே, அவள் கணவனின் படத்துக்கு மேல், கொட்டை எழுத்தில் அது இருந்தது: 'விளம்பரம். இதிலுள்ள தகவலின் உண்மைக்கு இந்நாளிதழ் பொறுப்பல்ல.'